ஸ்கிரீன் இல்லாத பெட்டியில் வீடியோ என்கோடிங்: டெஸ்க்டாப்பை நீக்கியதும் குயிக் சிங்க் நின்றுவிட்டது

செய்யாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் நடந்த பாரதக் கூத்தை 14 இரவு முழுக்கப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிகாலை ஆறு மணி வரை போகும். கேமரா பழைய ஏவிசிஹெச்டி கேம்கார்டர், 1080ஐ, 17 எம்பிபிஎஸ். ஒரு இரவுக்கே சுமார் 61 ஜிபி, மொத்தம் 850 ஜிபிக்கு மேல் இருக்கிறது. இதிலிருந்து 720பி அளவில் சின்னக் கோப்புகள் செய்து, ஆடிய கலைஞர்களுக்கெல்லாம் பென்டிரைவில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் பலர் தாங்கள் ஆடியதை ஒரு முறைகூட முழுதாகப் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர், ஒரு அலுவலகத்திலிருந்து பழையதாக வாங்கிய சின்னப் பெட்டி. இன்டெல் ஐ5-6500டி, 4 ஜிபி ரேம், டெபியன் 12. முதலில் மானிட்டர், டெஸ்க்டாப் எல்லாம் வைத்து எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரலில், கிராபிக்ஸ் சிப்பிடம் வேலை வாங்கும் விஏ-ஏபிஐ என்ற இடைமுகம் வழியாக, இன்டெல் சிப்புக்குள்ளேயே இருக்கும் குயிக் சிங்க் என்கோடரைச் சோதித்துப் பார்த்தேன், ஓடியது. ரேம் குறைவு என்பதால் டெஸ்க்டாப்பை நீக்கிவிட்டுப் பெட்டியைப் பரண் மேல் வைத்து, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக மட்டும் உள்ளே போகிறேன். இப்போது அதே கட்டளை, அதே கோப்பு, ஆனால் விஏ-ஏபிஐ இணைப்பைத் தொடங்க முடியவில்லை, டிஸ்ப்ளே கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. சிப் என்னென்ன செய்யும் என்று பட்டியல் தரும் விஏஇன்ஃபோவை ஓட்டினால், டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் எக்ஸ் சர்வரோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது.

எக்ஸ் ஓடினால்தான் கிராபிக்ஸ் சிப் வேலை செய்யுமா? மானிட்டர் இருப்பதுபோல் காட்டும் ஹெச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்று வாங்கிச் செருகினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். வாங்கட்டுமா?

ரயிலடி

டம்மி பிளக் வாங்க வேண்டாம். அது திரையைப் பிடித்து அனுப்பும் வேலைகளுக்கு, அதிலும் விண்டோஸில் உதவும். லினக்ஸில் கோப்பிலிருந்து கோப்புக்கு என்கோட் செய்ய எந்தத் திரையும் வேண்டாம். பனங்காடு வந்து விவரமாகச் சொல்வார்.

பனங்காடு

செய்யாற்றங்கரை, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்யும் வேலை அருமையான வேலை, அந்தப் பெட்டி இதற்குத் தாராளமாகப் போதும். குயிக் சிங்க் 2011-இல் சாண்டி பிரிட்ஜ் சிப்களோடு வந்தது. உங்களுடையது அதற்குப் பல தலைமுறை பின்னால் வந்த ஸ்கைலேக், அதனால் ஹெச்.264 என்கோடிங் அதற்குச் சிரமமே இல்லை.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். "எக்ஸ் இல்லாமல் ஓடாது" என்று இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. அப்போது கிராபிக்ஸ் சிப்பைத் தொட ஒரே வாசல்தான், டெவ் அடைவுக்குள் டிஆர்ஐ, அதற்குள் கார்ட்0. அந்த வாசலை எக்ஸ் சர்வர் பிடித்துக்கொண்டிருக்கும். வேறு எந்த நிரல் உள்ளே போக வேண்டுமானாலும் எக்ஸ் "இவர் நம்ம ஆள்" என்று சொல்ல வேண்டும். திரையை யார் ஆள்வது என்ற உரிமையும், சிப்பிடம் கணக்கு வேலை வாங்கும் உரிமையும் ஒரே இடத்தில் கட்டிப்போடப்பட்டிருந்தன. இதைப் பிரிக்கத்தான் ரெண்டர் நோட் என்ற இரண்டாவது வாசலைத் திறந்தார்கள். 2013-இல் வந்த கெர்னல் 3.12-இல் சோதனை அளவில் இருந்தது, 2014-இல் 3.17-இல் இயல்பாகவே திறந்துவிட்டார்கள். அதே டிஆர்ஐ அடைவில் ரெண்டர்டி128 என்று ஒரு கோப்பு இருக்கும், அதுதான். அதற்குத் திரையைப் பற்றி எதுவும் தெரியாது, எக்ஸும் வேண்டாம், எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டும் வேண்டாம்.

அப்படியானால் உங்களுக்கு டெஸ்க்டாப் இருந்தபோது ஓடியது ஏன், இப்போது நின்றது ஏன்? அந்தக் கோப்புக்கு யார் உரிமையாளர் என்று விரிவான எல்எஸ் போட்டுப் பாருங்கள். ரூட்டும் ரெண்டர் என்ற குழுவும் மட்டும்தான் இருக்கும். நீங்கள் அந்தக் குழுவில் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் மானிட்டர் முன் உட்கார்ந்து டெஸ்க்டாப்பில் நுழைந்தபோது, சிஸ்டம்டியில் உள்நுழைவுகளைக் கவனிக்கும் லாகின்டி "இவர் பெட்டியின் முன்னாலேயே இருக்கிறார்" என்று தற்காலிகமாக ஒரு தனி அனுமதியை உங்கள் பெயரில் அந்தக் கோப்பின் மேல் ஒட்டிவிடும். அனுமதி எழுத்துகளுக்குக் கடைசியில் ஒரு கூட்டல் குறி தெரியுமே, அது இதற்குத்தான். எஸ்எஸ்ஹெச்சில் வருபவருக்கு அந்த ஒட்டு கிடையாது. ஆகவே காணாமல் போனது எக்ஸ் இல்லை, அனுமதி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். யூசர்மாட் கொண்டு உங்கள் பயனர் கணக்கை ரெண்டர் குழுவில் சேருங்கள். அப்புறம் எஸ்எஸ்ஹெச்சிலிருந்து வெளியே வந்து மறுபடி நுழையுங்கள், ஏனென்றால் குழு மாற்றம் ஏற்கெனவே ஓடும் அமர்வுக்குள் வராது. இணைப்பு அறுந்தாலும் அமர்வைக் காத்து வைக்கும் டிமக்ஸைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்னொரு கவனம்: டிமக்ஸ் சர்வர் பின்னால் உயிரோடு இருக்கும், அதற்குள் மறுபடி ஒட்டிக்கொண்டால் பழைய குழுக்கள்தான் தொடரும். அதை முழுதாகக் கொன்றுவிட்டுத் தொடங்குங்கள். நான் இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதையும் இழந்திருக்கிறேன்.

விஏஇன்ஃபோ சொல்லும் எக்ஸ் பற்றிய பிழையைக் கண்டு பயப்பட வேண்டாம். அது வரிசையாக ஒவ்வொரு வழியையும் தட்டிப் பார்க்கும்; எக்ஸ் இல்லையென்றால் ஒரு பிழை வரி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். டிஸ்ப்ளே என்பதற்கு டிஆர்எம் என்றும், டிவைஸ் என்பதற்கு ரெண்டர்டி128-இன் முழுப் பாதையையும் கொடுத்து ஓட்டினால் அந்த வரி வராது. எஃப்எஃப்எம்பெக்கிலும் அதே பாதையை விஏஏபிஐ-டிவைஸ் என்ற விருப்பத்துக்குப் பின்னால் எழுதிவிடுங்கள், அது தானாகத் தேட வேண்டாம்.

செய்யாற்றங்கரை

பனங்காடு அண்ணா, கை கொடுங்கள். கூட்டல் குறி விஷயம் அப்படியே இருந்தது, அதாவது இப்போது அந்தக் குறி இல்லை. ரெண்டர் குழுவில் சேர்ந்தேன், டிமக்ஸையும் கொன்றேன், விஏஇன்ஃபோ இப்போது ஒழுங்காகப் பட்டியல் தருகிறது.

ஆனால் அடுத்த சிக்கல். டிகோட் ஆகிறது, என்கோடர் திறக்க மறுக்கிறது. பட்டியலில் ஹெச்.264 வரிகளுக்கு எதிரே விஎல்டி என்று இருக்கிறது, என்க்ஸ்லைஸ்எல்பி என்று இருக்கிறது. வெறும் என்க்ஸ்லைஸ் என்று எதுவும் இல்லை. டெஸ்க்டாப் இருந்தபோது இது இருந்ததா என்று நான் பார்த்து வைக்கவில்லை.

பனங்காடு

விஎல்டி என்றால் டிகோட், என்க்ஸ்லைஸ் என்றால் என்கோட். இது டிரைவர் பேக்கேஜ் விஷயம். இன்டெல்லுக்கு விஏ-ஏபிஐ டிரைவர் இரண்டு உண்டு. பழையது ஐ965, புதியது ஐஎச்டி. பிராட்வெல்லுக்கும் அதற்குப் பின்னால் வந்த சிப்களுக்கும் ஐஎச்டி. அந்த ஐஎச்டியையே டெபியன் இரண்டு பேக்கேஜாகத் தருகிறது. கட்டற்ற மென்பொருள் மட்டும் இருக்கும் மெயின் பகுதியில் இருப்பதில், மூலநிரல் இல்லாமல் வரும் சில துண்டுகளை எடுத்துவிட்டிருப்பார்கள். ஸ்கைலேக்கில் முழு என்கோடிங் நடக்க அந்தத் துண்டுகள்தான் வேண்டும், அதனால்தான் உங்கள் பட்டியலில் எல்பி, அதாவது லோ-பவர், மட்டும் நிற்கிறது. லோ-பவர் வழியில் பிட்ரேட்டைக் கட்டுப்படுத்த சிப்புக்குள் ஓடும் ஹெச்யுசி ஃபர்ம்வேர் வேறு ஏற்ற வேண்டும். உங்கள் சிப்புக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை, பெயரின் கடைசியில் நான்-ஃப்ரீ என்று முடியும் பேக்கேஜைப் போட்டுவிடுங்கள்.

டெஸ்க்டாப்பை நீக்கும்போது ஆட்டோரிமூவும் ஓட்டினீர்களா? அதில் பழைய பேக்கேஜ் போயிருக்கலாம், பிறகு எஃப்எஃப்எம்பெக் நிறுவும்போது மெயினில் இருப்பது வந்து உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. டெபியன் 12-இல் நான்-ஃப்ரீ வேறு, நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் வேறு. 2023-இல் பிரித்தார்கள். நிறுவும்போது தானாக வருவது ஃபர்ம்வேர் பகுதி மட்டும்தான். இந்த டிரைவர் இருப்பது நான்-ஃப்ரீ பகுதியில். அதனால் சோர்ஸஸ் பட்டியலில் அந்தச் சொல்லையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

தூக்கணாங்குருவி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ராஸ்பெர்ரி பை 5 வாங்கி இதே மாதிரி செய்யலாம் என்று நினைத்திருந்தேன். மின்சாரமும் குறைவுதானே?

ரயிலடி

பை 5 இந்த வேலைக்கு வேண்டாம். பை 4-இல் ஹெச்.264 வன்பொருள் என்கோடர் இருந்தது, 1080பியில் நொடிக்கு 30 ஃபிரேம் வரை. 2023-இல் வந்த பை 5-இல் அதை எடுத்துவிட்டார்கள், மிச்சம் ஹெச்இவிசி டிகோடர் மட்டும். என்கோடிங் முழுக்க சிபியு தலையில்தான். அதே காசுக்கு இன்டெல் என்100 மினி பெட்டி பாருங்கள்.

வாங்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். இன்டெல் சிப் எண்ணின் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸே இல்லை, குயிக் சிங்கும் இல்லை. பழைய ஜியான் ஈ3 சர்வர் வாங்குபவர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள், அந்த வரிசையில் 0-இல் முடியும் எண்களில் பொதுவாகக் கிராபிக்ஸ் கிடையாது, 5-இல் முடிபவற்றில் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு செருகியதும் உள் கிராபிக்ஸை பயாஸ் தானாக அணைத்துவிடுவதும் நடக்கும். அங்கே மல்டி-மானிட்டர் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை எனேபிள் செய்தால் திரும்ப வரும்.

என்னிடம் இருப்பது என்விடியா கார்டு. அதற்கும் எக்ஸ் வேண்டாம். ஆனால் எக்ஸ் இருந்தால் அதுவே தொடங்கும்போது டெவ் அடைவில் என்விடியா கோப்புகளை உருவாக்கிவிடும். எக்ஸ் இல்லாத பெட்டியில் என்விடியா-மாட்ப்ரோப் கருவி அதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் ரூட்டாக ஒரு முறை என்விடியா-எஸ்எம்ஐ ஓட்ட வேண்டும். பெர்சிஸ்டன்ஸ் டீமனையும் ஓட விடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு வேலை முடிந்ததும் டிரைவர் கார்டைத் தூங்கவைத்துவிட்டு அடுத்ததற்கு மறுபடி எழுப்பும். வீட்டுக் கார்டுகளில் ஒரே நேரத்தில் எத்தனை என்கோடிங் என்ற கட்டுப்பாடும் உண்டு. 2023-இல் 5 ஆக்கினார்கள், 2024-இல் 8.

தூக்கணாங்குருவி

நல்ல வேளை கேட்டேன். நன்றி.

வெள்ளெலி

செய்யாற்றங்கரை, நான் கொஞ்சம் எதிராகப் பேசப் போகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூத்துப் பதிவு என்பது இன்னொரு தரம் கிடைக்காத ஒன்று. அதை ஏன் வன்பொருள் என்கோடரில் செய்கிறீர்கள்? ஒரே பிட்ரேட்டில் வைத்துப் பார்த்தால் சிபியுவில் ஓடும் எக்ஸ்264 என்கோடரை மெதுவான அமைப்பில் ஓட்டியது தெளிவாக மேலே நிற்கும். ஸ்கைலேக் காலத்து என்கோடர் இருட்டான காட்சியில் கட்டம் கட்டமாக உடைக்கும். ராத்திரிக் கூத்தில் பின்னணி முழுக்க இருட்டுதான். மெதுவாகப் போனால் போகட்டுமே, சிபியுவிலேயே விடுங்கள்.

பனங்காடு

வெள்ளெலி சொல்வதில் நியாயம் இருக்கிறது. தரம் பற்றிச் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதில் இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன, அவற்றைக் கலக்கக் கூடாது. காப்பகம் என்றால் கேமராவிலிருந்து வந்த அந்த 850 ஜிபி மூலக் கோப்புகளேதான் காப்பகம். அவை ஏற்கெனவே ஒரு முறை சுருக்கப்பட்டவை, எக்ஸ்264-இல் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் மூலத்தைவிட நல்லது வராது. தம்பி, அவற்றை இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்கில், இரண்டு தனித்தனி வீட்டில் வையுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள், என்கோடிங் அடுத்த மாதம்கூட நடக்கலாம்.

பென்டிரைவில் கொடுப்பது பார்க்கும் பிரதி. அதற்கு வன்பொருள் போதும். பிட்ரேட்டை மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் கொடுத்துவிட்டால் வெள்ளெலி பயப்படும் இருட்டுக் கட்டங்கள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

வெள்ளெலி

மூலத்தை வைத்திருப்பார் என்றால் எனக்கு மறுப்பில்லை. "சுருக்கியாச்சு, இனி எதற்கு" என்று மூலத்தை அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் பதறிவிட்டேன்.

செய்யாற்றங்கரை

அழிக்க மாட்டேன் வெள்ளெலி, சத்தியமாக. ஒரு டிஸ்க் இங்கே, இன்னொன்று அக்கா வீட்டில். பனங்காடு அண்ணா சொன்ன பிறகு நேற்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

நான்-ஃப்ரீ பேக்கேஜ் போட்டதும் என்க்ஸ்லைஸ் வரிகள் வந்துவிட்டன, என்கோடிங்கும் ஓடுகிறது! ஆனால் வேகம் எதிர்பார்த்த அளவு இல்லை, சிபியுவின் நான்கு கோரும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அதோடு, படத்தில் ஒரு குறை. கட்டியங்காரன் நிற்கும்போது நன்றாக இருக்கிறது. வேஷக்காரர் சுழன்று ஆடும்போது புஜக்கட்டையில் பதித்த கண்ணாடித் துண்டுகளின் ஓரமெல்லாம் சீப்புப் பற்கள் மாதிரி கோடு கோடாகப் பிரிகிறது, கிரீடத்தின் விளிம்பும் அப்படித்தான். சுருக்கியதால் இப்படியா?

பழைய கட்டளையில் இருந்த சிஆர்எஃப் 21 என்ற தர எண்ணை அப்படியே வைத்திருக்கிறேன். நடுவில் இருப்பது வழக்கமான ஸ்கேல் ஃபில்டர், அதற்குப் பின்னால் என்வி12 பிக்சல் வடிவம், ஃபிரேமைச் சிப்புக்கு ஏற்றும் ஹெச்டபிள்யூஅப்லோட்.

பனங்காடு

அந்தக் கடைசி வரியிலேயே எல்லாப் பதிலும் இருக்கிறது.

சீப்புக் கோடு முதலில். 1080ஐ என்பதில் ஐ என்றால் இன்டர்லேஸ். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒற்றைப்படை வரிகள் ஒரு நொடித்துணுக்கிலும், இரட்டைப்படை வரிகள் அதற்கு ஐம்பதில் ஒரு நொடி கழித்தும் எடுத்தவை. அசையாத ஆளுக்கு வித்தியாசம் தெரியாது, சுழல்பவர் அந்த இடைவெளியில் நகர்ந்திருப்பார், அதனால் இரண்டு நேரத்து ஓரங்களும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பல்லிளிக்கும். நீங்கள் இதைப் பிரிக்காமலேயே 720-க்குச் சுருக்கிவிட்டீர்கள். சுருக்கும்போது அந்த இரண்டு வகை வரிகளும் ஒன்றோடொன்று குழைந்துபோகும், அதற்குப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே இதுவரை செய்த பிரதியைத் தூக்கிப் போடுங்கள். முதலில் டீஇன்டர்லேஸ், அதற்குப் பிறகுதான் ஸ்கேல். இந்த வரிசை மாறவே கூடாது.

அடுத்தது வேகம். இப்போது உங்கள் பெட்டியில் டிகோட் சிபியுவில், ஸ்கேலும் சிபியுவில், கடைசிப் படி மட்டும்தான் சிப்பில். 1080 அளவில் ஒரு என்வி12 ஃபிரேம் சுமார் 3.1 எம்பி, அவ்வளவையும் சிபியு பிசைந்து பிசைந்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஃபிரேம் ஒரு முறை சிப்புக்குள் போனால் என்கோட் ஆகி முடிகிற வரை வெளியே வரக் கூடாது. அதற்கு உள்ளீட்டுக் கோப்புக்கு முன்னால் ஹெச்டபிள்யூஆக்சல் விஏஏபிஐ என்று கொடுங்கள், அதோடு வெளியீட்டு வடிவமும் விஏஏபிஐ என்று கொடுங்கள். இந்த இரண்டாவதை விட்டால் டிகோட் செய்த ஃபிரேமை மறுபடி சாதாரண நினைவகத்துக்கு இறக்கிவிடும். ஃபில்டர் இடத்தில் டீஇன்டர்லேஸ்-விஏஏபிஐ, அதில் ரேட் என்பதற்கு ஃபீல்ட் என்று கொடுத்தால் நொடிக்கு 50 முழு ஃபிரேம் கிடைக்கும். ஆட்டத்துக்கு 50 வேண்டும், 25-க்குக் குறைத்தால் அடவின் வேகம் செத்துவிடும். அதன் பின்னால் ஸ்கேல்-விஏஏபிஐ. ஹெச்டபிள்யூஅப்லோடை எடுத்துவிடுங்கள். வைத்திருந்தால், இரண்டு ஃபில்டர்களுக்கு நடுவே வடிவத்தை மாற்ற முடியவில்லை என்கிற மாதிரிப் பிழைகள் வரும்.

சிஆர்எஃப் என்பது எக்ஸ்264-இன் சொந்தச் சொல். விஏ-ஏபிஐ என்கோடருக்கு அது தெரியாது, அந்த விருப்பம் எதிலும் பயன்படவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரி ஓடிப்போயிருக்கும், மேலே உருட்டிப் பாருங்கள். ஒன்று கியூபி என்ற தர எண் கொடுங்கள், அல்லது நேரடியாக பிட்ரேட். பென்டிரைவில் அடங்க வேண்டும் என்பதால் பிட்ரேட் சொல்வேன், 3 எம்பிபிஎஸ் வைத்தால் எட்டு மணி நேரத்துக்குப் படம் மட்டும் சுமார் 10.8 ஜிபி வரும்.

இன்டெல் ஜிபியு டாப் என்று ஒரு கருவி இருக்கிறது, ரூட்டாக ஓட்டுங்கள். வீடியோ என்ற பட்டை நிறைந்து, சிபியு ஓய்வாக இருந்தால் எல்லாம் சரி.

வெள்ளெலி

3 போதாது, அதுவும் 50 ஃபிரேமுக்கு. இருட்டும் வண்ணமும் சேர்ந்த காட்சி. தபசு மரம் ஏறுகிற காட்சியில் இரண்டு நிமிடத்தை வெட்டி 3, 4, 5 மூன்றிலும் செய்து டிவியில் போட்டுப் பாருங்கள். போனில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பனங்காடு

ஒத்துக்கொள்கிறேன். 4-க்கு 14.4 ஜிபி. 16 ஜிபி பென்டிரைவில் ஒலியோடு சேர்ந்து இடித்துக்கொண்டு நிற்கும், 32 வாங்கிவிடுங்கள்.

செய்யாற்றங்கரை

ஒரு வாரம் கழித்து வருகிறேன். 4-இல் முடிவு செய்தேன். 3-இல் பந்தலின் கறுப்புத் துணி அலை அலையாகத் தெரிந்தது, 5-க்கும் 4-க்கும் எங்கள் வீட்டு டிவியில் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

முதல் இரவு முழுதும் முடிந்தது. எட்டு மணி நேரக் கூத்து இரண்டே கால் மணி நேரத்தில் ஓடி முடிந்தது, சிபியு கிட்டத்தட்ட சும்மா இருந்தது. பரண் மேல் கை வைத்துப் பார்த்தேன், பெட்டி வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி. மீதி இரவுகளை ராத்திரி தானாக ஓடவிட ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் எழுதினேன். கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓட்டினால் மறுபடி அனுமதி இல்லை என்கிறது.

ரயிலடி

சர்வீஸ் எந்தப் பயனராக ஓடுகிறது? தனிப் பயனர் என்றால் அவருக்கும் ரெண்டர் குழு வேண்டும். சர்வீஸ் கோப்பில் சப்ளிமென்டரி-குரூப்ஸ் என்ற வரியில் ரெண்டர் என்று எழுதிவிட்டால் போதும். அதே கோப்பில் பிரைவேட்-டிவைசஸ் எஸ் என்று எங்கிருந்தாவது நகலெடுத்து வைத்திருந்தால் அதையும் எடுங்கள், அது டிஆர்ஐ அடைவையே மறைத்துவிடும்.

பின்னால், நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கருக்கு மாறினால் இதே கதை வேறு உருவில் வரும். டிஆர்ஐ அடைவை உள்ளே கொடுத்தால் மட்டும் போதாது, வெளியே இருக்கும் ரெண்டர் குழுவின் எண்ணைப் பார்த்து அந்த எண்ணையே கொடுக்க வேண்டும். பெயரைக் கொடுத்தால் கன்டெய்னருக்குள் அதே பெயருக்கு வேறு எண் இருக்கலாம்.

செய்யாற்றங்கரை

இரண்டுமே இருந்தது ரயிலடி. தனிப் பயனர், அதற்கு மேல் பிரைவேட்-டிவைசஸ். மாற்றினேன், ஓடுகிறது.

நேற்று ராத்திரி இரண்டாம் இரவும் முடிந்தது. காலையில் வாத்தியாரை வீட்டுக்கு அழைத்து டிவியில் போட்டேன். அவர் சுழன்று வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். புஜக்கட்டையில் ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் தனித்தனியாகத் தெரிந்தது, ஒன்றில் டியூப்லைட்டின் கோடுகூட இருந்தது. கிட்டே போய் நின்று இடது பக்கத்தில் ஒரு கண்ணாடி விழுந்திருப்பதைக் காட்டி, "இது எப்போ விழுந்தது, ஒருத்தனும் சொல்லலையே" என்றார். அப்புறம் உட்கார்ந்து மதியம் வரை பார்த்தார்.

மூன்றாம் இரவு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.